கம்பவுண்டரும் மருந்து மிஷினும்

கடவுள் உலகத்தைப் படைத்தபோது எங்கள் கம்பவுண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால் ஆறு நாளில் வேலை முடிந்திருக்காது. ஆறு வருடம் ஆகியிருக்கும். ஆனால் கடலில் உப்பு சரியான அளவில் இருந்திருக்கும்.

கேரளாவில் வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கட்டிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். சர்ச் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவி ஞானம்மாக்காவே ‘எங்க கம்பவுண்டர்’ என்றுதான் சொல்வார். எஸ்டேட் எல்லையில் அரை ஏக்கர் வாங்கி, ஓட்டு வீடு கட்டி, ஏலமும் மரவள்ளிக் கிழங்கும் போட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் என் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் எடைபோட்டுத்தான் நடக்கும்.

டாக்டர் அரை மாத்திரை எழுதினால் மற்ற ஆஸ்பத்திரிகளில் உடைத்துக் கொடுப்பார்கள். இவர் உடைத்து, இரண்டு பாதியையும் தராசில் வைத்துப் பார்த்து, கனமான பாதியைக் கத்தியால் சுரண்டிக் கொடுப்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து காய்ச்சலோடு வந்தவன் அதற்குள் காய்ச்சல் இறங்கி வீட்டுக்குப் போயிருப்பான். ஒருமுறை சர்ச் அசனத்துக்கு, அதாவது ஊர் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, உப்பு மிளகாய்ப் பொறுப்பை இவரிடம் விட்டார்கள். மதியச் சாப்பாடு நாலரை மணிக்கு வந்தது. சாப்பிட்டவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. பசி ஒரு காரணம். ருசி உண்மையிலேயே அப்படி இருந்ததும் ஒரு காரணம்.

இவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. அப்பா காலத்து இரட்டைக்குழல். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் முறையாக இவர் பெயருக்கு மாறியிருந்தது. சனிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். சுட்டதில்லை. சுட ஒரு காரணமும் வந்ததில்லை. அப்புறம் காட்டுப்பன்றி வந்தது.

எங்கள் பக்கம் காட்டுப்பன்றி செய்யும் அட்டகாசத்தைக் கீழே சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரே வரவில் ஒரு குடும்பத்தின் கிழங்கு மொத்தமும் போய்விடும். பஞ்சாயத்தில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியல் ஒன்று போட்டார்கள். பயிரை அழிக்கும் பன்றியை, உத்தரவு வந்தபின், இவர்கள் சுடலாம். கம்பவுண்டர் பெயர் அதில் மூன்றாவது.

முதல் அழைப்பு பஞ்சாயத்து மெம்பர் வீட்டு வாழைத்தோட்டத்திலிருந்து வந்தது. நானும் கூடப் போனேன். சாயங்காலம் ஐந்தரை மணி, நல்ல வெளிச்சம். பன்றி இருபதடி தூரத்தில் எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கம்பவுண்டர் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, மூச்சை அடக்கி இரண்டு குண்டையும் போட்டார். மெம்பரின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரண்டு இடத்தில் தண்ணீர் பீறிட்டது. பன்றி ஒரு வாழையைக் கடித்து முடித்துவிட்டுத்தான் போயிற்று.

இன்னொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவர் யோசித்தார். மறுநாள் காலையில் வேலிப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏ கிளார்க்கு, இங்க வாரும். ஒரு அநியாயத்தைப் பாரும்.”

மேஜையில் பழைய ஆஸ்பத்திரித் தராசு. பக்கத்தில் கடையில் வாங்கிய தோட்டாக்கள் பத்து. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் எடை.

“பத்துத் தோட்டா, பத்து எடை. ஒண்ணுக்கொண்ணு பொருந்தல வே. இதே லெச்சணத்துல நான் ஆஸ்பத்திரியில மருந்து குடுத்திருந்தேன்னு வையும், பாதி லயம் காலியாயிருக்கும்.”

“வித்தியாசம் ரொம்பக் கொஞ்சமாத்தான அண்ணாச்சி இருக்கு?”

“கொஞ்சமா? மருந்துல கொஞ்சம்னு ஒண்ணு உண்டா?”

துப்பாக்கிக்குள் இருப்பதும் மருந்து, புட்டிக்குள் இருப்பதும் மருந்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர் யாரோ தெரியாது. அவரால்தான் இவ்வளவும் வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வேறு சொல்லாக இருந்திருந்தால் கம்பவுண்டர் தனக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று விட்டிருப்பார்.

ஒரு வாரம் கழித்து செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டு மேஜையில் சொந்தமாகத் தோட்டா நிறைத்துக்கொண்டிருந்தார். அங்கே சட்டப்படி அது நடக்குமாம். அவருக்கு முன்னால் ஒரு மின்சார மிஷின். எண்ணை அமுக்கினால் மேலே இருக்கும் குழாய் சுழன்று மருந்தைக் கீழே தட்டில் கொட்டுகிறது. முதலில் மளமளவென்று, பிறகு தயங்கித் தயங்கி, கடைசியில் ஒவ்வொரு மணியாக. கேட்ட எடை வந்ததும் ‘பீப்’ என்று நின்றுவிடுகிறது.

“அது நிக்கிற நிப்பைப் பாத்தீரா?” என்றார் கம்பவுண்டர். கண் கலங்கியிருந்தது. “முப்பது வருசம் என் கை நிக்கணும்னு நெனச்ச எடத்துல அது நிக்கி வே.”

அதோடு அந்த மிஷினில் எடை ‘கிரெயின்’ கணக்கில் வந்தது. இவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கிருந்த பழைய கம்பவுண்டர் கற்றுக்கொடுத்த அளவு அது. ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக் கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு ஆஸ்பத்திரி முழுக்க மில்லிகிராமுக்கு மாறிவிட்டது. செத்துப்போனதாக நினைத்த சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார் என்று தெரிந்ததுபோல் ஆனார் இவர்.

ஆனால் அந்த மாதிரி மிஷின் ஒன்றல்ல, பல விற்பனையில் இருந்தன. எதை வாங்குவது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. எங்களுக்கு என்று சொல்வதற்குக் காரணம், அதன் விவரமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் எஸ்டேட் ஆபீஸில் ஆங்கிலம் எழுதுகிறவன். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்து வந்தால் அவர் கட்டம் போட்ட நோட்டோடு வேலியருகே நிற்பார்.

பெயர்கள் வாயில் நுழையாததால் மிஷின்களுக்கு ஆஸ்பத்திரி ஆட்களின் பெயரை வைத்தார். எல்லாவற்றிலும் வேகமானது ‘டிரெஸ்ஸர்’, அதாவது காயத்துக்குக் கட்டுப் போடுபவர். “மளார்னு கட்டுவான். ஆனா ஒரு கிரெயின் கூடுதலாக் கொட்டிருவான்.” போனோடு சேர்த்து ஓட்டும் பளபளப்பான ஒன்று ‘விசிட்டிங் டாக்டர்’. “நெட்டு இருந்தாத்தான் வாயத் தெறப்பாரு. மழ பேஞ்சா நமக்கேது நெட்டு?” மெதுவாக, எடை ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, தப்பே செய்யாத ஒன்றுக்கு ‘பெரிய சிஸ்டர்’ என்று பெயர். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் மரியாதை வரும்.

வாங்கியவர்கள் எழுதிய குறைகளையும் நான் படித்துச் சொல்ல வேண்டும். மின்விசிறிக் காற்று பட்டால் எண் ஆடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

“எத்தன அடி தூரத்துல ஃபேன் இருந்துதாம்?”

“அதெல்லாம் எழுதலை அண்ணாச்சி.”

“கேட்டு எழுதும்.”

எழுதினேன். நாலு நாளில் பதில் வந்தது. ஆறு அடி, மேற்கூரையில் மாட்டிய விசிறி என்று. கம்பவுண்டர் அதை நோட்டில் ஏற்றிவிட்டு, விசிறிக்கு எத்தனை இறக்கை என்று கேட்டு எழுதச் சொன்னார். அதற்கும் அந்த மனிதர் பதில் போட்டார். அந்த ஊரிலும் ஒரு கம்பவுண்டர் இருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் மலையில் மழைக்காலத்தில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். மிஷின் தாங்குமா என்று பார்க்க, கூடத்துப் பல்பைப் பார்த்துப் பார்த்து மூன்று மாதம் குறிப்பெழுதினார். ‘காலை ஏழு: மங்கல். ஏழேகால்: நல்ல வெளிச்சம். ஏழரை: இல்லை.’ ஞானம்மாக்கா வேலைக் காலத்தில் கொழுந்து கிள்ளும்போது மலைக்கு மலை கேட்கும்படி பேசிப் பழகியவர். வேலிக்கு இந்தப் பக்கம் என் வீட்டிலும் தெளிவாகக் கேட்டது.

“பன்னி கெழங்கத் தின்னுட்டு ஏப்பம் வுடுது. இவுக பல்பப் பாத்துட்டு நிக்காக! தம்பி, நீங்களாவது சொல்லக் கூடாதா?”

நான் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் அந்த மிஷினில் ஆசை வந்திருந்தது.

நோட்டில் எழுதியதை நேரில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் என்னைக் குமுளி வழியாகக் கம்பம் டவுனுக்கு அழைத்துப் போனார். ஒரு நகைக்கடைக்குள் நுழைந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கடைக்காரர் தங்கம் என்று நினைத்து எழுந்து நின்றார். உள்ளே கடுகு.

“இத ஒவ்வொண்ணாப் போடுதேன். உங்க தராசு கண்டுபிடிக்கான்னு பாக்கணும்.”

எங்களைப் பார்த்தால் கெட்டவர்களாகத் தெரியவில்லை என்பதால் கடைக்காரர் விட்டுவிட்டார். எட்டுக் கடுகு வரை எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு இவர் விசிறியை நிறுத்தச் சொன்னார். எண் மாறியது. போடச் சொன்னார். மறுபடி மாறியது. தராசை ஒட்டி செல்போனை வைத்தார். எண் தானாக நகர்ந்தது.

பக்கத்தில் செயினை எடைபோடக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன்ணே, என் செயின நிறுக்கையில ஃபேனு ஓடுச்சே? மறுக்கா நிறுங்க” என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர், “எனக்கும்ணே” என்றார். கடை முழுக்க விசிறி நின்றது. வேர்த்துக் கொட்டிக்கொண்டு கடைக்காரர் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

“அண்ணே, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். கடுகுக்குப் பலசரக்குக் கடை அங்கிட்டு இருக்கு.”

திரும்பும் பஸ்ஸில் கம்பவுண்டர் நோட்டைத் திறந்து அவசரக்கார ‘டிரெஸ்ஸர்’ மேலும், போனோடு சேர்ந்தே ஓடும் ‘விசிட்டிங் டாக்டர்’ மேலும் கோடு போட்டார். பெரிய சிஸ்டர்தான் என்று முடிவாயிற்று. வெளிநாட்டில் இருந்த ஞானம்மாக்காவின் அண்ணன் மகன் ஊருக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தான்.

அங்கேயே விட்டிருந்தால் அவன் ஒரு நாள் மிஷினைக் கொண்டுவந்து இறக்கியிருப்பான். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரையைக் கூடக் கையில் கொடுக்காதவர் இவர். “முதல்ல அனுமதி. அப்புறந்தான் மிஷின். வீட்டுல நெறைக்கலாமா, கூடாதா? சட்டம் என்ன சொல்லுதோ அதக் கேட்டு எழுதும்” என்றார். அதிகாரிக்கு மலையாளத்தில் மனு எழுத வேண்டும். எனக்கு மலையாளம் பேச வரும். ஆபீஸ் மலையாளம் அரைகுறை. அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. நான் எழுத வேண்டிய சொல் ‘நிறைக்கல்’. அது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கம்பீரமாக இருக்கட்டும் என்று ‘நிர்மாணம்’ என்று போட்டேன். மலையாளத்தில் அதற்குத் தயாரிப்பு என்று பொருள். வீட்டில் வெடிமருந்து நிர்மாணம் செய்ய அனுமதி வேண்டி. கம்பவுண்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டம் தவறாமல் கையெழுத்திட்டார்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குக் கிளம்பியவர்கள், கிளம்பாதவர்கள், லயத்தில் இருந்த அத்தனை பேரும் வேலியைச் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன். எஸ்.ஐ. நடுத்தர வயதுக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து நிதானமாகப் பேசினார்.

“சேட்டா, நிங்கள் வீட்டுல வெடிமருந்து உண்டாக்குறது உண்டோ?”

“உண்டாக்கல சார். அனுமதி கேட்டிருக்கேன்.”

“மெஷின் எவிடே?”

“இன்னும் வாங்கல. எத வாங்கணும்னு இப்பத்தான் முடிவு பண்ணினோம்.”

அந்த ‘பண்ணினோம்’ கேட்டதும் நான் பக்கத்தில் நின்றவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். எஸ்.ஐ. யாரோடு என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தேடினார்கள். கம்பவுண்டர் வீட்டு அலமாரியில் நாற்பது ஐம்பது பொட்டலம் இருக்கும். ஒவ்வொன்றிலும் எடையும் தேதியும் எழுதி ஒட்டிய சீட்டு. ‘பல் மருந்து.’ ‘எலி மருந்து.’ ‘கோழி மருந்து.’ ‘தேள்கடி மருந்து.’ கூட வந்த போலீஸ்காரர் தமிழ் படிக்கத் தெரிந்தவர்போலும். ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது.

“சாரே, முழுவன் மருந்தாணு!” என்றார். எல்லாமே மருந்துதான் என்று.

கோழி மருந்தைத் திறந்து முகர்ந்து பார்த்த எஸ்.ஐ. ஐந்து நிமிடம் தும்மினார். கம்பவுண்டர் தண்ணீர் கொடுத்தார். அளந்துதான் கொடுத்தார். பிறகு எஸ்.ஐ. அந்தக் கட்டம் போட்ட நோட்டைக் கையில் எடுத்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். முகத்தில் கோபம் மெல்லக் கரைந்து வேறு ஏதோ வந்தது. ஆனாலும் மனுவில் இருந்த சொல் மனுவில்தான் இருந்தது. “அபேக்ஷையில எழுதியதுக்கு நான் மறுபடி சொல்லணுமல்லோ” என்று, மேலே பதில் சொல்லியாக வேண்டும் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டு, துப்பாக்கியையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது கேட்டார், “இது எழுதியது ஆரு?”

என் வாய் திறக்கவில்லை. எனக்கு எஸ்டேட் வேலை. மகள் நர்ஸிங் படிக்க வேண்டும். வெடிமருந்து வழக்கில் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று மனம் கணக்குப் போட்டது. கம்பவுண்டர் நிமிர்ந்து, “கையெழுத்து என்னோடது சார்” என்றார்.

அதன் பிறகு எட்டு மாதம். செவ்வாய்க்கிழமைதோறும் அயர்ன் பண்ணிய சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஸ்டேஷனுக்கு விசாரணைக்குப் போவார். துப்பாக்கி போய்விட்டது என்று யாரோ சொல்லிவிட்டதுபோல் பன்றிகள் கூட்டமாக வந்தன. அரை ஏக்கரில் இருந்த கிழங்கு மொத்தமும் போயிற்று. வரப்பெல்லாம் ஏர் ஓட்டியதுபோல் கிடந்தது. ஞானம்மாக்கா குரல் தாழ்ந்துவிட்டது. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. ஆபீஸுக்குப் போக வேலியோரமாகப் போகாமல் தேயிலைக்குள் குறுக்குவழியில் போக ஆரம்பித்தேன். கம்பவுண்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் மட்டும் மாறவில்லை. ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று அவரே வந்து சொல்வார். நோட்டைப் படித்த எஸ்.ஐ.யின் மனைவி வீட்டில் கேக் செய்து விற்கிறாராம். நல்ல தராசு எது என்று எஸ்.ஐ. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். கம்பவுண்டர் அதற்கு ஒரு புது நோட்டுப் போட்டார். மூன்று செவ்வாய்க்கிழமை அதிலேயே போயிற்று. எஸ்.ஐ. தன்னால் முடிந்தவரை நல்லபடியாக எழுதி மேலே அனுப்பினார். கடைசியில் உத்தரவு வந்தது. மூன்று வரி. வீட்டில் தோட்டா நிறைக்க அனுமதி கிடையாது. லைசென்ஸ் உள்ள கடையில் தோட்டா வாங்கிக்கொள்ளலாம். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

கம்பவுண்டர் உத்தரவை இரண்டு முறை படித்தார். “தெளிவா எழுதிருக்காக. கூடாதுன்னா கூடாது” என்று மடித்து வைத்தார். அண்ணன் மகனுக்குப் போன் போட்டு மிஷின் வேண்டாம் என்றார். அவ்வளவுதான். ஒரு வருட உழைப்பு அரை நிமிடத்தில் முடிந்தது.

துப்பாக்கி வந்து ஒன்பதாவது நாள். காலை ஏழு மணி, பனி இன்னும் விலகவில்லை. நான் அந்தக் குறுக்குவழியில் போய்க்கொண்டிருந்தேன். தேயிலைக்கு நடுவே இருந்த வடிகாலிலிருந்து ஒரு தாய்ப் பன்றி குட்டிகளோடு ஏறி வந்தது. நான் ஒதுங்குவதற்குள் பாய்ந்து தொடையைக் கிழித்துவிட்டது. விழுந்தேன். அது திரும்பி நின்று மறுபடி வர ஆயத்தமானது. என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ‘அண்ணாச்சி’ என்று கத்தியதாக ஞானம்மாக்கா பிறகு சொன்னார்.

கம்பவுண்டர் லுங்கியோடு, கண்ணாடி இல்லாமல், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடி வந்தார். என்மேல் பட்டுவிடாமல் இருக்க நன்றாக மேலே தூக்கிப் பிடித்து ஒரு குண்டு போட்டார். ஒரு நிழல்மரத்தின் கிளை முறிந்து விழுந்தது. சத்தத்துக்கே பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஓடியது. அவர் மீதித் தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியை மடக்கி, பின்னாலேயே ஓடி வந்த ஞானம்மாக்காவிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் முட்டி போட்டார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினார். உள்ளங்கையைக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

எஸ்டேட் ஜீப் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் அவர் கையை எடுக்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து, “எவ்ளோ ஸ்பீடுல போகட்டும் அண்ணாச்சி?” என்றான்.

“எவ்ளோ முடியுமோ அவ்ளோ போ” என்றார்.

இத்தனை வருடத்தில் எண் இல்லாத ஒரு அளவை அவர் வாயிலிருந்து கேட்டது அப்போதுதான். நிலைமை மோசம் என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

பதினேழு தையல். தொடையில் பெரிய ரத்தக்குழாய் தப்பியது அவர் அழுத்திப் பிடித்ததால் அல்ல, பன்றி கொஞ்சம் தள்ளிக் கிழித்ததால்தான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ரத்தம் நிற்காமல் போயிருந்தால் ஆஸ்பத்திரி வரை வந்திருக்க மாட்டேன் என்றும் அவரே சொன்னார். வார்டில் எனக்கு நினைவு தெளிந்தபோது கம்பவுண்டர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“பாத்தீரா கிளார்க்கு, அந்தத் தோட்டாவுல மருந்து கம்மி. இல்லன்னா பன்னிக்கு ரெண்டு முழம் பக்கத்துல போயிருக்கும்.”

வீட்டுக்கு வந்தபின் காயம் கட்ட அவரே வந்தார். தினமும் காலை ஏழு பத்துக்கு. முதல் நாளே நான் உடைந்துவிட்டேன். அந்தச் சொல் என் சொல், தப்பு என் தப்பு, ஜீப் வந்த அன்று வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்தான் என்று சொன்னேன். அவர் பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நிர்மாணம்னு எழுதினீரு. மொதச் செவ்வாக்கெழமையே ஸ்டேஷன்ல வாசிச்சுக் காட்டிட்டாக.”

“அப்ப ஏன் அண்ணாச்சி நீங்க சொல்லல?”

“என்ன சொல்ல? சீட்டுல கையெழுத்துப் போட்டவந்தான் பொறுப்பு. ஆஸ்பத்திரியில அதான் மொறை. வாசிச்சுப் பாக்காமப் போட்டேன், அது என் தப்பு.” பஞ்சைக் காயத்தில் வைத்தார். எரிந்தது. “அது போக, உமக்குப் புள்ள படிக்குது. எனக்கென்ன, செவ்வாக்கெழம ஒரு பஸ்ஸு. கால அசைக்காதேயும்.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. என்னையும் எடுக்க விடவில்லை. வந்தால் கட்டைப் பிரிப்பார், துடைப்பார், கட்டுவார், ஞானம்மாக்கா கொடுத்தனுப்பிய கஞ்சியை நான் குடித்து முடிக்கும் வரை ஊர்க்கதை பேசுவார்.

காயம் முப்பதாவது நாளே ஆறிவிட்டது. அது எனக்குத் தெரியும். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் நாற்பத்தைந்து நாள் வந்தார். நானும் ஏழு பத்துக்குக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.